லாக் மாறும் நேரத்தில் சாகும் ஸ்பேம் ஃபில்டர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஸ்பேம் மெயில் பற்றி நாளிதழ்களில் வருவதெல்லாம் பெரும்பாலும் மெயிலைத் திறப்பவருக்கான எச்சரிக்கை. தெரியாத லிங்கைத் தொடாதீர்கள், ஓடிபியைச் சொல்லாதீர்கள் என்பதோடு முடிந்துவிடும். அது தேவைதான். ஆனால் கல்லூரிகளிலும் மருத்துவமனைகளிலும் சிறு நிறுவனங்களிலும் சொந்த மெயில் சர்வரைக் கட்டி மேய்ப்பவர்களுக்கான விஷயம் ஒன்று விடுபட்டுப்போகிறது: லாக் (நிரல்கள் தாம் செய்வதை எழுதிவைக்கும் பதிவுக் கோப்பு) மாறும் நேரத்தில் ஸ்பேம் ஃபில்டர் நின்றுபோவது. அதை எழுதவே இந்தக் கடிதம்.

நேற்று இரவு வரை ஒழுங்காக வேலை செய்த ஃபில்டர், இன்று காலை எதையுமே பிடிக்கவில்லை. எல்லோருடைய இன்பாக்ஸிலும் குப்பை. உடனே என்ன நடக்கிறது? ஸ்பேம்அசாசின் என்ற ஃபில்டரில், எந்த மதிப்பெண்ணைத் தொட்டால் மெயில் குப்பை என்ற வரம்பு இயல்பாக 5. அதை 3-க்கு இறக்குகிறார்கள். புதுப்புது விதிகளை எழுதுகிறார்கள். இரண்டு நாள் போனால் கட்டணச் சேவைக்கு விலை கேட்கிறார்கள். ஃபில்டர் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது கடைசியில்தான். நின்றுபோன ஃபில்டருக்கு வரம்பு 5 ஆனால் என்ன, 3 ஆனால் என்ன? பிறகு யாரோ சர்வரை ரீபூட் செய்ய, ஃபில்டர் உயிர் பெற்று, இறக்கிவைத்த வரம்பு நல்ல மெயிலையும் சேர்த்துப் பிடிக்கத் தொடங்கும். ஒரு கோளாறு இரண்டாகிவிடும்.

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். டெபியன் வகை லினக்ஸில் கிரான் என்ற நேரக் கருவி ஓட்டும் தினசரி வேலைகள் காலை 6:25-க்கும், வாராந்திர வேலைகள் ஞாயிறு காலை 6:47-க்கும் ஓடுவது நெடுநாள் வழக்கம். சேவைகளைத் தொடங்கி மேற்பார்க்கும் சிஸ்டம்டியின் டைமர் வந்த பிறகு, லாக் கோப்பைச் சுழற்றும் (பழையதை ஒதுக்கிப் புதியதைத் தொடங்கும்) லாக்ரொட்டேட் நள்ளிரவை ஒட்டி ஓடுகிறது. ரெட்ஹேட் குடும்பத்தில் அனக்ரான் என்ற கிரான் வகைக் கருவி வழியாக அதிகாலை 3 மணிக்கு மேல். குப்பை வரத் தொடங்கிய நேரம் இவற்றில் ஒன்றோடு ஒட்டி நின்றால், சந்தேகத்தை ஸ்பேம் அனுப்புகிறவன் மேல் வைக்காமல் லாக் மேல் வையுங்கள். லாக் கோப்பைச் சுழற்றும்போது, லாக்கை எழுதும் சிஸ்லாக் சேவையை நிறுத்தித் தொடங்கும் சர்வர்கள் இன்னும் நிறைய இருக்கின்றன. அந்த ஒன்றிரண்டு விநாடியில்தான் ஃபில்டர் விழுகிறது.

ஏன் விழுகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சிஸ்லாக் என்பதே 1980-களில் எரிக் ஆல்மன் தம்முடைய சென்ட்மெயில் என்ற மெயில் சர்வர் மென்பொருளுக்காக உருவாக்கியது. மெயிலோடு பிறந்த ஏற்பாடு அது. நிரல்கள் டெவ் அடைவில் உள்ள லாக் (இனி டெவ்-லாக்) என்ற சாக்கெட்டில், அதாவது இரு நிரல்களை இணைக்கும் வாயிலில், எழுதும். மறுமுனையில் சிஸ்லாக் சேவை அதைப் படித்துக் கோப்பில் சேர்க்கும். அந்தச் சேவையை நிறுத்தித் தொடங்கினால் பழைய சாக்கெட் போய், அதே பெயரில் புதிய சாக்கெட் வரும். பெயர் ஒன்றுதான், ஆனால் ஃபில்டர் கையில் பிடித்திருக்கும் இணைப்பு பழையதற்கானது. வருகைப் பதிவேட்டை மாற்றுவதற்காக எடுத்துப்போனதும் வாசல் காவலர் வீட்டுக்குக் கிளம்பிவிடுவது போன்ற நிலை இது. ஃபில்டரின் வேலை மெயிலைச் சோதிப்பது. ஒரு வரி எழுத முடியவில்லை என்பதற்காக அது சாக எந்த நியாயமும் இல்லை.

சாக்கெட் எந்த வகை என்பதைப் பொறுத்து விளைவு மாறும். டேட்டாகிராம் (தனித்தனிச் செய்தி) வகையானால், மறுமுனை மூடிய பிறகு எழுதும்போது இணைப்பு மறுக்கப்பட்டது என்ற பிழை மட்டும் திரும்பும், லினக்ஸில் அதன் எண் 111. ஸ்ட்ரீம் (தொடர் இணைப்பு) வகையானால் பிழை எண் 32, கூடவே சிக்பைப் என்ற சிக்னல் (இயங்குதளம் நிரலுக்கு அனுப்பும் அறிவிப்பு). சிக்பைப்பைக் கையாள நிரலில் ஏற்பாடு இல்லையென்றால் அந்த இடத்திலேயே ப்ராசஸ் (ஓடும் நிரல்) முடிந்துவிடும். சிஸ்லாக் சேவை மென்பொருள்களில் ஒன்றான சிஸ்லாக்-என்ஜியின் பழைய அமைப்புக் கோப்புகளில் டெவ்-லாக் சாக்கெட்டை யூனிக்ஸ்-ஸ்ட்ரீம் என்று எழுதுவது வழக்கமாக இருந்தது. அந்தக் கோப்புகள் பத்து வருடமாக சர்வருக்கு சர்வர் நகலெடுக்கப்பட்டு வந்துகொண்டே இருக்கின்றன. இந்தக் கோளாறின் வேர் பல இடங்களில் அந்த ஒரு வரிதான்.

அதே சர்வரில் மெயிலை வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸ் சாகவில்லையே, ஃபில்டர் மட்டும் ஏன் என்று கேட்பார்கள். சி மொழி நிரல்கள் பொதுவாக லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் சிஸ்லாக் செயல்கூற்றைக் கூப்பிடுகின்றன. எழுதுவது தோற்றால் அது இணைப்பை மூடி, மறுபடி திறந்து, இன்னொரு முறை முயலும். ஸ்பேம்அசாசினும் அமாவிஸ் என்ற ஃபில்டரும் பெர்ல் மொழியில் எழுதப்பட்டவை. பெர்லின் சிஸ்லாக் தொகுப்பை யூனிக்ஸ் அல்லது ஸ்ட்ரீம் முறையில் பயன்படுத்தினால் சாக்கெட்டைப் பெர்லே நேரடியாக வைத்துக்கொள்கிறது. உடைந்தால் சிக்னல் வரும், அல்லது 'சிஸ்லாக் இணைப்பு எதுவும் கிடைக்கவில்லை' என்று சொல்லி நிரலை நிறுத்தும் பிழை எழும். ஸ்பேம்அசாசினை எழுதியவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். சிஸ்லாக்-என்ஜி மறுதொடக்கம் ஆன பின் சிக்பைப் வருகிறது என்பதை மூலநிரலிலேயே குறித்து, அதைப் பிடித்து லாக்கை மறுபடி திறக்கும் பகுதியையும் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் பழைய பதிப்புகளுக்கும், நாமே எழுதிச் சேர்த்த பிளகின்களுக்கும், வேறு பெர்ல் மில்டர்களுக்கும் (மெயில் சர்வரோடு இணைக்கும் ஃபில்டர் நிரல்கள்) அந்தக் காப்பு கிடையாது.

கண்டுபிடிப்பதில் ஒரு சிக்கல். காரணத்தைத் தேடி எல்லோரும் போவது லாக்குக்கு. அறுந்ததே லாக் இணைப்பு என்பதால் அங்கே ஒன்றும் இருக்காது. அந்த வெறுமையைத்தான் படிக்க வேண்டும். சுழற்றிவைத்த பழைய மெயில் லாக்கின் கடைசிப் பகுதியைத் திறந்தால், ஸ்பேம்டி (பின்னணியில் ஓடும் ஸ்பேம்அசாசின் சேவை) வரிசையாக 'கிளீன் மெசேஜ்', அடைப்பில் 1.2-க்கு 5.0, இத்தனை விநாடி, இத்தனை பைட் என்றும், 'ஐடென்டிஃபைட் ஸ்பேம்' என்றும் எழுதிக்கொண்டே வந்திருக்கும். புதிய கோப்பைத் திறந்தால் போஸ்ட்ஃபிக்ஸ் வரிகள் வழக்கம்போல ஓடும், ஸ்பேம்டி வரி ஒன்றுகூட இருக்காது. இரண்டு கோப்பையும் அருகருகே வைத்து ஒரு நிமிடம் பார்த்தால் போதும்.

அடுத்து, வந்துசேர்ந்த குப்பை மெயில் ஒன்றின் முழு ஹெட்டரைத் திறந்து, எக்ஸ்-ஸ்பேம் என்று தொடங்கும் வரிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். மதிப்பெண் குறைவாகப் போட்டு விட்டிருந்தால் அது விதிகளின் பிரச்சினை, இந்தக் கடிதத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்த வரிகளே இல்லையென்றால் ஃபில்டர் அந்த மெயிலைத் தொடவே இல்லை. அளவு வரம்பால் விட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு. ஸ்பேம்டிக்கு மெயிலைக் கொடுக்கும் ஸ்பேம்சி இயல்பாக 500 கிலோபைட்டுக்கு மேற்பட்ட மெயிலைச் சோதனைக்கு அனுப்பாது. ஆகவே சிறிய மெயிலாகப் பார்த்து எடுங்கள்.

பிறகு ப்ராசஸ் பட்டியலில் ஸ்பேம்டியையும் சிஸ்லாக்கையும் எடுத்து, தொடங்கிய நேரத்தை ஒப்பிட வேண்டும். ஸ்பேம்டி இல்லவே இல்லையென்றால் விஷயம் தெளிவு. பட்டியலில் இருந்தால்தான் ஏமாந்துபோவோம். தாய் ப்ராசஸ் நின்றுகொண்டு 783-ஆம் போர்ட்டைப் பிடித்திருக்கும், மெயிலைச் சோதிக்கும் சைல்டு ப்ராசஸ்கள் மட்டும் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருக்கும். போர்ட் திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் கண்காணிப்புக் கருவி அப்போதும் பச்சை விளக்கே காட்டும். ஸ்பேம்சியைப் பெரிய எழுத்து கே என்ற சுவிட்சோடு ஓட்டினால் அது ஸ்பேம்டிக்குப் பிங் அனுப்பும், பாங் என்று பதில் வர வேண்டும். போர்ட் சோதனையைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் முழுச் சோதனை ஜிடியூப்தான். ஸ்பேம் ஃபில்டர்களைச் சோதிப்பதற்கென்றே உள்ள எழுத்துத் தொடர் அது. மெயிலின் உடலில் அது இருந்தால் ஸ்பேம்அசாசின் 1000 மதிப்பெண் போடும். போடாவிட்டால் ஃபில்டர் ஓடவில்லை.

உறுதி செய்துகொள்ள, நிரல் கர்னலிடம் செய்யும் அழைப்புகளைக் காட்டும் எஸ்ட்ரேஸ் கருவியை ஸ்பேம்டியின் ப்ராசஸ் எண்ணோடும், சைல்டுகளையும் தொடரும் எஃப் சுவிட்சோடும் இணைத்துவிட்டு, வேறொரு முனையத்தில் சிஸ்லாக்கை மறுதொடக்கம் செய்து, ஒரு மெயிலை அனுப்புங்கள். டெவ்-லாக்குக்கு எழுதும் அழைப்பு மைனஸ் 1 என்று திரும்பி, ஈபைப் (பிழை எண் 32) என்ற பெயரும், அடுத்த வரியில் சிக்பைப்பும், அதற்கடுத்து 'கில்டு பை சிக்பைப்' என்பதும் தெரிந்தால் வழக்கு முடிந்தது. ஷெல் ஸ்கிரிப்டிலிருந்து ஓடும் ஃபில்டரானால் வெளியேறும் எண் 141 ஆக இருக்கும். சிக்பைப்பின் எண் 13, சிக்னலால் இறந்ததற்கு ஷெல் கூட்டுவது 128.

எஸ்ட்ரேஸில் பிழையே காட்டாமல், எழுதும் அழைப்பு திரும்பி வராமலேயே நின்றால் அது வேறு நோய். சிஸ்லாக் உயிரோடு இருக்கிறது, ஆனால் சாக்கெட்டைப் படிக்கவில்லை. தொலைவில் உள்ள லாக் சர்வருக்கு டிசிபி வழியே அனுப்பி, முடிவில்லாமல் மறுமுயற்சி செய்யும்படியும் அமைத்து, அதற்குத் தனி வரிசை கொடுக்காமல் விட்ட ஆர்சிஸ்லாக் என்ற சிஸ்லாக் சேவையில் இது வரும். அந்தத் தொலை சர்வர் விழுந்ததும் இங்கே முதன்மை வரிசை நிரம்பும், பிறகு டெவ்-லாக்கில் எழுதுகிறவர்கள் எல்லோரும் காத்து நிற்பார்கள். யூனிக்ஸ் டேட்டாகிராம் சாக்கெட்டில் காத்திருக்கக்கூடிய செய்திகளின் எண்ணிக்கை கர்னலின் இயல்பு அமைப்பில் வெறும் 10, சிஸ்டம்டி அதை 512 ஆக உயர்த்துகிறது. பரபரப்பான மெயில் சர்வரில் 512 எந்த மூலைக்கு? ஃபில்டரோடு எஸ்எஸ்ஹெச் நுழைவும் சூடோவும் சேர்ந்து தொங்கினால் இதுதான் என்று முடிவு செய்யலாம். தொலை சர்வருக்கான ஆக்‌ஷனுக்கு லிங்க்டுலிஸ்ட் வகை வரிசையும், வட்டில் சேமிக்க ஒரு கோப்புப் பெயரும் கொடுத்துவிட்டால் தீரும்.

இனி, எனக்கு அழுத்தமான கருத்து உள்ள இடம். ஃபில்டர் விழுந்தால் மெயிலை என்ன செய்வது? ஸ்பேம்சியின் இயல்பு, ஸ்பேம்டி கிடைக்காவிட்டால் மெயிலைச் சோதிக்காமல் அப்படியே விட்டுவிடுவது. ஒரு விநாடி இடைவெளியில் மூன்று முறை இணைத்துப் பார்க்கும், பிறகு வெற்றி என்ற குறியோடு மெயிலைக் கைமாற்றும். சின்ன எழுத்து எக்ஸ் சுவிட்சைக் கொடுத்தால்தான் பிழை எண்ணோடு வெளியேறும், மெயில் வரிசையில் தங்கும். மெயிலைப் பெட்டிகளில் பிரித்துப் போடும் புரோக்மெயில் வழியே கூப்பிடுவோர் தோல்வியில் 75 (தற்காலிகத் தோல்வி) என்ற எண்ணோடு வெளியேறவும் எழுத வேண்டும். போஸ்ட்ஃபிக்ஸில் மில்டர் தோற்றால் தற்காலிகமாக மறுப்பதே இயல்பு. ஆனால் இணையத்தில் கிடைக்கும் பல வழிகாட்டிகள் அதை 'ஏற்றுக்கொள்' என்று மாற்றச் சொல்கின்றன, படிக்கிறவர்களும் யோசிக்காமல் மாற்றிவிடுகிறார்கள். எக்ஸிம் என்ற மெயில் சர்வரில் ஸ்பேம் நிபந்தனையோடு 'டிஃபர்-ஓகே' சேர்ப்பதும் இதே காரியம்தான். அமாவிஸை 10024-ஆம் போர்ட்டில் உள்ளடக்க ஃபில்டராக வைத்திருப்போருக்கு மட்டும் இந்தத் தொல்லை இல்லை. அமாவிஸ் விழுந்தால் மெயில் தானாக வரிசையில் நிற்கும், வரிசை நீளுவதைப் பார்த்தே கோளாறு தெரிந்துவிடும்.

மெயில் தாமதமானால் மேலாளர் திட்டுவார் என்ற பயத்தில்தான் திறந்துவிடுகிறார்கள். அந்தப் பயத்துக்கு அடிப்படை குறைவு. தற்காலிக மறுப்பு கிடைத்த அனுப்பும் சர்வர் நான்கைந்து நாள் வரை திரும்பத் திரும்ப முயல வேண்டும் என்பது மெயில் பரிமாற்றத்துக்கான எஸ்எம்டிபி தரநிலை. போஸ்ட்ஃபிக்ஸ் தன் வரிசையில் இயல்பாக 5 நாள் வைத்திருக்கும், 300 விநாடியிலிருந்து 4000 விநாடி வரை இடைவெளி விட்டு மறுபடி அனுப்பிப் பார்க்கும். ஆகவே காலை 6:25-க்கு ஃபில்டர் விழுந்து 10 மணிக்கு நாம் பார்த்தாலும் ஒரு மெயில்கூடத் தொலையாது. திறந்துவிட்டால் அந்த மூன்றரை மணி நேரத்தில் வரும் போலி வங்கிக் கடிதம் கணக்குப் பிரிவின் இன்பாக்ஸில் போய் உட்கார்ந்திருக்கும். எது பெரிய சேதம் என்பதை நிர்வாகத்திடம் ஒருமுறை எழுத்தில் கேட்டு வாங்கிவையுங்கள்.

சரிசெய்யும் வழிகளில் முதலாவது, சிஸ்லாக்-என்ஜி வைத்திருப்போருக்கு. டெவ்-லாக்கை யூனிக்ஸ்-ஸ்ட்ரீமிலிருந்து யூனிக்ஸ்-டிகிராமுக்கு (டேட்டாகிராம் வகைக்கு) மாற்றி, சிஸ்லாக்கையும் ஒருமுறை ஸ்பேம்டியையும் மறுதொடக்கம் செய்யுங்கள். சிக்பைப் கொலை அதோடு நிற்கும். ஸ்ட்ரீமில் ஒரே நேரத்தில் எத்தனை இணைப்பு என்ற வரம்பும் உண்டு. அது நிரம்பினால் புதிய இணைப்பை மறுக்கும், அந்தத் தலைவலியும் சேர்ந்து போகும்.

இரண்டாவது, ஃபில்டரின் பக்கத்தில் செய்வது. ஸ்பேம்டியில் சிஸ்லாக்-சாக்கெட் என்ற விருப்பத்தை நேட்டிவ் என்று கொடுத்தால் பெர்ல் தன் சொந்த சாக்கெட்டை விட்டுவிட்டு ஜிலிப்சியின் செயல்கூற்றைப் பயன்படுத்தும், மறுஇணைப்பு தானாக நடக்கும். அல்லது யுடிபி என்று கொடுத்து, சிஸ்லாக் 127.0.0.1 முகவரியில் மட்டும் 514 யுடிபியைக் கேட்கும்படி அமைக்கலாம். யுடிபியில் அறுந்துபோக இணைப்பே கிடையாது. சிஸ்லாக் இல்லாத விநாடிகளின் வரிகள் தொலையும், அவ்வளவே. முகவரியைக் குறிக்காமல் 514-ஐ வெளியே திறந்துவிட்டால் யார் வேண்டுமானாலும் நம் லாக்கில் எழுதலாம் என்பதை மறந்துவிடாதீர்கள். க்ரூட் சிறைக்குள் (ஒரு அடைவுக்கு வெளியே பார்க்க முடியாதபடி அடைத்து) ஓடும் ஃபில்டருக்கு யுடிபிதான் எளிது. சிறைக்குள் வைத்த டெவ்-லாக்கை மறுதொடக்கத்தின்போது சிஸ்லாக் மறுபடி உருவாக்கும்படி தனியாகச் சொல்லிவைக்காவிட்டால் அது செத்த சாக்கெட்டாகவே கிடக்கும்.

மூன்றாவது, சின்ன எழுத்து எஸ் என்ற சுவிட்சில் ஒரு கோப்பின் பாதையைக் கொடுத்து ஸ்பேம்டியை நேராகக் கோப்பில் எழுதவைப்பது. இந்தக் கோப்பைச் சுழற்ற லாக்ரொட்டேட்டின் காப்பிட்ரன்கேட் போதும். நகலெடுத்துக் காலி செய்யும் கணத்தில் சில வரிகள் போகலாம், மெயில் போகாது. சிறிய சர்வருக்கு இதுவே எனக்குப் பிடித்த வழி.

லாக்ரொட்டேட்டின் பின்வேலைப் பகுதியில் சிஸ்லாக்கை மறுதொடக்கம் செய்யும் வரி இருந்தால் அதையும் திருத்த வேண்டும். இன்றைய ஆர்சிஸ்லாக்குக்கு ஹப் சிக்னல் அனுப்பினால் கோப்புகளை மட்டும் மூடித் திறக்கும், சாக்கெட்டைத் தொடாது. கோப்பைச் சுழற்றுவதற்கு அது போதும். சிலர் அந்தப் பின்வேலையிலேயே ஸ்பேம்டியையும் சேர்த்து மறுதொடக்கம் செய்கிறார்கள், அல்லது தினமும் 7 மணிக்கு ஒரு கிரான் போட்டுவிடுகிறார்கள். இதை ஏற்க முடியாது. மென்பொருள் புதுப்பித்தலின்போது நண்பகலில் சிஸ்லாக் மறுதொடக்கம் ஆனால் அடுத்த நாள் காலை வரை ஃபில்டர் இல்லை.

சிஸ்டம்டி இருக்கிறது, விழுந்தால் அது எழுப்பிவிடும் என்று நம்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மறுதொடக்க விதியை 'தோல்வியின்போது' என்று வைத்திருந்தால் சிக்பைப்பால் இறந்த ப்ராசஸை அது எழுப்பாது! சிக்ஹப், சிக்இன்ட், சிக்டெர்ம், சிக்பைப் ஆகிய நான்கினால் முடிவதை சிஸ்டம்டி ஒழுங்கான முடிவாகவே கருதுகிறது. தான் தொடங்கும் சேவைகளுக்கு அது சிக்பைப்பை இயல்பாகவே புறக்கணிக்க வைக்கிறது என்பது உண்மை. ஆனால் நிரல் தானே அதைப் பழைய நிலைக்கு மாற்றிக்கொண்டால் அந்தக் காப்பு போயிற்று. ஆகவே விதியை 'எப்போதும்' என்று வையுங்கள். மறுதொடக்க இடைவெளி இயல்பாக 100 மில்லிவிநாடிதான். சிஸ்லாக் திரும்பி வருவதற்குள் ஐந்து முறை தொடங்கித் தோற்றால், 10 விநாடிக்கு 5 என்ற வரம்பில் சிஸ்டம்டி கைவிட்டுவிடும். இடைவெளியை 5 விநாடி ஆக்கினால் அந்த வரம்பைத் தொடாது.

இப்போதைய விநியோகங்களில் டெவ்-லாக் என்பது சிஸ்டம்டியின் லாக் சேவையான ஜர்னலின் சாக்கெட்டுக்கான சுட்டி. அந்தச் சாக்கெட்டைச் சிஸ்டம்டியே பிடித்துவைத்திருப்பதால் சேவை மறுதொடக்கம் ஆனாலும் அறுவதில்லை. அதனால் இது பழைய கதை என்று நினைக்கத் தோன்றும். கன்டெய்னருக்குள் (தனித்து அடைத்த இயங்குசூழல்) ஃபில்டரை வைத்து, சிஸ்லாக்-என்ஜி போன்ற சேவை தானே உருவாக்கிய டெவ்-லாக்கை பைண்ட் மவுண்ட்டாக (வெளியே உள்ளதை உள்ளேயும் தெரியவைக்கும் இணைப்பாக) உள்ளே கொடுத்தவர்களுக்கு அது இன்றைய கதை. மவுண்ட் பிடித்திருப்பது பெயரை அல்ல, பழைய ஐநோடை (கோப்பின் உள் அடையாளத்தை). வெளியே புதிய சாக்கெட் வந்தாலும் உள்ளே தெரிவது செத்த சாக்கெட். ஃபில்டரை மறுதொடக்கம் செய்தாலும் சரியாகாது, கன்டெய்னரையே மறுதொடக்கம் செய்ய வேண்டும். சாக்கெட்டைத் தனியாக மவுண்ட் செய்யாமல் அது இருக்கும் அடைவை மவுண்ட் செய்வது, அல்லது கன்டெய்னரின் ஸ்டான்டர்ட் எரருக்கு எழுதவைப்பது தீர்வு.

மாற்றியதைச் சோதிக்க, மெயில் குறைவான நேரமாகப் பார்த்து ஸ்பேம்டியின் ப்ராசஸ் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு ஜிடியூப் மெயில் அனுப்பி 1000 வருவதைப் பாருங்கள். சிஸ்லாக்கை நிறுத்தி, 10 விநாடி பொறுத்து, அந்த இடைவெளியிலும் ஒரு மெயில் அனுப்பி, பிறகு தொடங்குங்கள். இப்போது ஜிடியூப் மெயில்களை ஒன்றன்பின் ஒன்றாக அல்லாமல் பத்துப் பதினைந்தை ஒரே நேரத்தில் விட வேண்டும். ஸ்பேம்டி இயல்பாக 5 சைல்டு வரை வைத்திருக்கும், சும்மா இருப்பவற்றில் முதலாவதற்கே வேலை கொடுக்கும். வரிசையாக அனுப்பினால் ஒரே சைல்டுதான் திரும்பத் திரும்பச் சோதிக்கப்படும், மற்றவை உடைந்திருந்தாலும் தெரியாது. எல்லாவற்றிலும் 1000 வந்து, தாய் ப்ராசஸின் எண்ணும் மாறாமல், லாக்கில் ஸ்பேம்டி வரிகளும் தொடர்ந்தால் தேறியது. கடைசியாக லாக்ரொட்டேட்டைக் கட்டாயப்படுத்தும் எஃப் சுவிட்சோடு ஒருமுறை ஓட்டி இதையே திரும்பச் செய்யுங்கள்.

மெயில் சர்வரை அமைத்துத் தரும் ஒப்பந்ததாரர்கள் ஒப்படைக்கும்போது காட்டும் சோதனைப் பட்டியலில் மெயில் போகிறது, வருகிறது, ஸ்பேம் பிடிபடுகிறது என்ற மூன்றும் இருக்கும். சிஸ்லாக்கை நிறுத்தித் தொடங்கிய பிறகும் பிடிபடுகிறதா என்ற நான்காவது வரியைக் கல்லூரிகளும் நிறுவனங்களும் கேட்டு வாங்க வேண்டும். பத்து நிமிட வேலைக்கு மேல் இல்லை. ஜிடியூப் மெயிலை ஒரு வெளி முகவரியிலிருந்து மணிக்கு ஒருமுறை அனுப்பி, ஸ்பேம் பெட்டியில் விழாவிட்டால் நிர்வாகியின் கைபேசிக்குக் குறுஞ்செய்தி போகும்படி ஒரு சிறு ஸ்கிரிப்டையும் ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடலாம்.

இப்படிக்கு,
மெயில் சர்வர் நிர்வாகி ஒருவர்